பல்லவி பட்டம்மாள் ஊருக்கு ஜாஸ் புதிதா என்ன? பெண் பாடகிகளின் ஆல்பங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காஞ்சிபுரத்தில் 'கோர்வை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே போவது என்பார். மிருதங்க வித்வானைக் கேட்டால், கணக்குப் பிசகாமல் வாசித்து, பாட்டு எடுக்கும் இடத்தில் கச்சிதமாக வந்து நிற்கும் முத்தாய்ப்பு என்பார்.

ஜாஸ் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தச் சொல்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கறுப்பின மக்களிடையே உருவான இசை ஜாஸ். கேட்பதற்கு நம் ஊர் இசைபோல இருக்காது. ஆனால், அது நடக்கும் விதம் நமக்குப் பழக்கமானது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை முதலில் பாடுவார்கள். பிறகு அந்தப் பாட்டின் தாளச் சுற்றையும் ஸ்வர அடுக்குகளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக அந்த நிமிடத்தில் மனதில் தோன்றுவதைப் பாடுவார்கள் அல்லது வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பழைய பாட்டில் வந்து இறங்குவார்கள். நாம் மனோதர்மம் என்கிறோம். அவர்கள் இம்ப்ரொவைசேஷன் என்கிறார்கள்.

நிரவலும் கல்பனா ஸ்வரமும் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் அவ்வளவு அந்நியம் கிடையாது. எங்கே தொடங்குவது என்பதுதான் சிக்கல். அதிலும் இன்றைய பெண் பாடகிகள் வெளியிட்டிருக்கும் ஆல்பங்களைப் பார்த்தால், முகூர்த்த மாதத்தில் காந்தி ரோடு பட்டுக்கடைக்குள் நுழைந்த மாதிரி தலை சுற்றும்.

மழை பெய்யும் காபி ஷாப்

போனில் யூடியூபைத் திறந்து 'ஃபீமேல் ஜாஸ் வோக்கல்' என்று தேடிப் பாருங்கள். மழை வழியும் ஜன்னல், ஆவி பறக்கும் காபிக் கோப்பை, பத்து மணி நேர வீடியோ. ஒரு பெண் குரல் மென்மையாகப் பாடிக்கொண்டே இருக்கும். பாடுவது யார், பியானோ வாசிப்பது யார், எந்த வருடம் பதிவானது... ஒரு தகவலும் இருக்காது. இப்படி வருபவற்றில் சில ஏ.ஐ. உருவாக்கியவை. தூக்கம் வர உதவுகிறது என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால், அதைக் கேட்டுவிட்டு 'ஜாஸ்னா இவ்வளவுதானா' என்று முடிவுகட்டுவது, பாலியஸ்டர் புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு காஞ்சிப் பட்டை எடைபோடுவது மாதிரி.

பட்டு எடுக்கப் போகும்போது விவரம் தெரிந்த பெரியவர்கள் ஜரிகையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும். ஆல்பத்துக்கும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. உடன் வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடுங்கள். பியானோ யார், பாஸ் யார், டிரம்ஸ் யார் என்பதை ஒரு நல்ல ஜாஸ் ஆல்பம் மறைக்காது. பெரும்பாலான மியூசிக் ஆப்களில் பாட்டின் பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'கிரெடிட்ஸ்' பகுதி வந்துவிடும். கச்சேரிக்குப் போகும் முன் வயலின், மிருதங்கம் யார் என்று பார்ப்போமே, அதே பழக்கம்தான்.

இது முதல் சோதனை. இரண்டாவதுதான் முக்கியமானது: இந்தப் பெண் ஒரு பாட்டை அழகாகப் பாடுகிறாரா, அல்லது அந்தப் பாட்டுக்குள் புகுந்து தன்னுடையதாக எதையாவது செய்கிறாரா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கான பதில் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது.

தனகோடி அம்மாளிலிருந்து பட்டம்மாள் வரை

சுமார் நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளும் இசை உலகில் பெரிய பெயர்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாடியும் ஆடியும் வந்த மரபு அவர்களுடையது. ஆரம்பகால கிராமபோன் தட்டுகளில் தனகோடி அம்மாளின் குரல் பதிவாகியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். அதற்குள் என்ன முடியுமோ அதுதான் ஆல்பம்!

காமாட்சி அம்மாளின் மகன்தான் லயத்துக்குப் பெயர்போன காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934). மேடையில் தாள வாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்துப் பாடியவர். வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் இவரிடம் பாடம் கற்றார்கள். இவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த இன்னொரு காஞ்சிபுரத்துச் சிறுமி, 1919-ல் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்.

பட்டம்மாளின் அம்மா நன்றாகப் பாடுவார். ஆனால், ஆசாரமான குடும்பத்துப் பெண் என்பதால் வெளியார் முன்னிலையில் பாடியதே இல்லை. மகள் அந்த வாசலைத் தாண்டினார். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடுவது வழக்கத்தில் இல்லாத காலம் அது. அதைவிடப் பெரிய தாண்டல் இன்னொன்று உண்டு. ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது. கீர்த்தனையும் பக்திப் பாட்டும் பாடினால் போதும், கணக்கு வழக்கெல்லாம் பெண்களுக்கு எதற்கு என்ற மனப்பான்மை. பட்டம்மாள் கடினமான தாளங்களில் பல்லவி பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வந்தது. 1970-ல் சங்கீத கலாநிதி.

இப்போது அப்படியே அமெரிக்காவுக்கு வாருங்கள். பட்டம்மாளைவிட இரண்டு வயது மூத்தவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1934-ல், 17 வயதில், நியூயார்க்கின் அப்போலோ தியேட்டரில் நடந்த போட்டியில் ஆடத்தான் போனார். தனக்கு முன்னால் ஆடியவர்களைப் பார்த்து மிரண்டு, கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாடினார். ஜெயித்தார். அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் பாடும் பெண்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'கேனரி'. கூண்டுக்குருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கவுன் போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முறை வரும்போது எழுந்து பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இம்ப்ரொவைசேஷன் எல்லாம் வாத்தியம் வைத்திருக்கும் ஆண்களின் வேலை. எல்லா அதை உடைத்தார். வார்த்தையே இல்லாமல், ஸ்வரம் பாடுவதுபோல, வெறும் ஒலிகளால் பாடும் 'ஸ்கேட்' முறையில் சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் சமமாக நின்றார். 1960-ல் பெர்லின் கச்சேரியில் ஒரு பாட்டின் பாதியில் வரிகள் மறந்துபோக, நிறுத்தாமல் அங்கேயே புது வரிகளைக் கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவு அப்படியே ஆல்பமாக வந்து கிராமி விருது வாங்கியது.

ஆகவே, 'குரல் இனிமையாக இருக்கிறதா' என்று மட்டும் பார்த்து ஆல்பம் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெண்ணைத் திரும்பவும் கூண்டில் உட்கார வைக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இனிமை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கரை, ஜரிகை மாதிரி. புடவையின் உடலையும் பாருங்கள்.

சமாரா ஜாய்: முதல் ஆல்பத்துக்கு நல்ல தேர்வு

இதுவரை ஜாஸே கேட்டதில்லை என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது 'லிங்கர் அவைல்' (2022). பாடியவர் சமாரா ஜாய். 1999-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். தாத்தா பாட்டி காலத்திலிருந்தே தேவாலயத்தில் பாடும் குடும்பம். ஜாஸை முறையாகக் கேட்கத் தொடங்கியதே கல்லூரிக்குப் போன பிறகுதான். இந்த ஆல்பத்துக்காக 2023-ல் சிறந்த ஜாஸ் பாட்டு ஆல்பத்துக்கான கிராமியும், அதே மேடையில் சிறந்த புதுமுகக் கலைஞர் விருதும் வாங்கினார்.

குரல் ஆழமானது, அவசரப்படாதது. ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய பாட்டுகள்தான். அதில் 'நாஸ்டால்ஜியா' என்ற பாட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பழைய டிரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோ வாசித்த ஒரு சோலோவை எடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வார்த்தை எழுதி, அதைப் பாடியிருக்கிறார். ஒரு நாகஸ்வர வித்வானின் வாசிப்புக்கு ஸாஹித்யம் கட்டிப் பாடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அது பிடித்துவிட்டதென்றால் 2024-ல் வந்த 'போர்ட்ரெய்ட்'டுக்குப் போகலாம். இது கொஞ்சம் கனமானது. சார்லஸ் மிங்கஸ் இசையமைத்த ஒரு வாத்திய இசைக்குத் தானே வரிகள் எழுதிப் பாடியிருக்கிறார். எந்த வாத்தியமும் இல்லாமல், விருத்தம்போலத் தனிக் குரலில் தொடங்கும்.

சிசில் மெக்லோரின் சால்வன்ட்: பாட்டோடு சண்டை போடுபவர்

என்னைக் கேட்டால், இன்று பாடுபவர்களில் இவர்தான் முதலிடம். 1989-ல் மயாமியில் பிறந்தவர். அப்பா ஹைதி நாட்டுக்காரர், அம்மா பிரெஞ்சு. சட்டம் படிக்க பிரான்ஸ் போன இடத்தில் ஜாஸுக்குள் விழுந்தவர். 'ஃபார் ஒன் டு லவ்' (2015), 'ட்ரீம்ஸ் அண்ட் டாகர்ஸ்' (2017), 'தி விண்டோ' (2018) என்று அடுத்தடுத்து வந்த மூன்று ஆல்பங்களுக்கும் கிராமி கிடைத்தது.

விருதை விடுங்கள். 'ஃபார் ஒன் டு லவ்' ஆல்பத்தில் 'வைவ்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 1963-ல் வந்த ஹிட் பாட்டு. விஷயம் இதுதான்: கல்யாணம் ஆகிவிட்டது என்று அசட்டையாக இருக்காதே பெண்ணே, கணவன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் தலைவாரி, அலங்காரம் செய்து தயாராக இரு, ஆபீஸில் வேறு பெண்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை! நம் பழைய சினிமாப் பாட்டுகளிலும் பத்திரிகைகளிலும் பார்க்காத அறிவுரையா?

சிசில் இந்தப் பாட்டில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அதே மெட்டு. ஆனால், அந்த அறிவுரையைத் தேன் தடவிய குரலில், கொஞ்சம் அதிகமாகவே பவ்யமாகப் பாடுகிறார். ஒரு இடத்தில் குரலைச் சுருக்குகிறார், ஒரு இடத்தில் நீட்டுகிறார். கேட்கக் கேட்க, இது அறிவுரையா, நக்கலா என்று சந்தேகம் வரும். பாட்டு முடியும்போது சிரிப்பும் வரும், கோபமும் வரும். பாட்டுக்குள் புகுந்து எதையாவது செய்வது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

'தி விண்டோ' வேறு மாதிரி. கிட்டத்தட்ட முழு ஆல்பமும் குரலும் பியானோவும் மட்டும்தான் (சில பாட்டுகளில் ஆர்கன்). பியானோ வாசிப்பவர் சல்லிவன் ஃபோர்ட்னர். அவர் சிசிலைப் பின்தொடர்வதே இல்லை, வாதம் செய்கிறார். கடைசிப் பாட்டின் பெயர் 'தி பீகாக்ஸ்'. மயில்கள்! காஞ்சிப் புடவைக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தப் பாட்டு ரசிகர்கள் முன்னால் பதிவானது. மெலிசா அல்டானாவின் சாக்ஸபோனும் சேர்ந்துகொள்ளும். இரவில், வீட்டு வேலையெல்லாம் முடிந்தபிறகு கேட்க வேண்டியது.

வாசித்துக்கொண்டே பாடுபவர்

தறியில் காலால் மிதியை மிதித்துக்கொண்டே கையால் நாடாவை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்பெரன்ஸா ஸ்பால்டிங் பாடுவதைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். தன்னைவிட உயரமான டபுள் பாஸ் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடுவார். விரல்கள் ஒரு தாள நடையில் ஓடும், குரல் வேறொன்றில் ஓடும். 2011-ல் ஜஸ்டின் பீபர், டிரேக் போன்றவர்களோடு போட்டியிட்டு சிறந்த புதுமுகக் கலைஞர் கிராமியை வாங்கியவர். 'யார் இவர்?' என்று பீபர் ரசிகர்கள் இணையத்தில் கொந்தளித்தது தனிக்கதை. 'ரேடியோ மியூசிக் சொசைட்டி' (2012) இவரிடம் தொடங்க எளிதானது.

இன்னும் சில பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோரா ஜோன்ஸின் 'கம் அவே வித் மீ' (2002) உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம். பண்டிட் ரவிசங்கரின் மகள் என்பதால் நம் ஊரிலும் பேசப்பட்டது. ஜாஸ் ரசிகர்களில் பாதிப் பேர் அதை ஜாஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நல்ல ஆல்பம். டயானா கிராலின் 'லைவ் இன் பாரிஸ்' (2002) கச்சேரிப் பதிவு; அவர் பியானோவும் வாசிப்பவர். ஐஸ்லாந்தைச் சேர்ந்த லாஃபேயின் 'பிவிட்ச்ட்' (2023) கல்லூரி மாணவிகளின் ரீல்ஸ் வழியாகவே பலருக்கும் பழக்கம். அதுவும் பாதி ஜாஸ், பாதி பாப். வீட்டில் 18 வயதுப் பெண் இருந்தால், அவளுக்கு இதைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவளே உங்களுக்குச் சொல்வாள்.

"தம்புரா இல்லாம பாடுறாங்களே?"

பட்டம்மாள் ரசிகையான என் அத்தைக்கு சமாரா ஜாயைப் போனில் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "என்னடி இது, தம்புரா இல்லாம பாடுறாங்க? சுருதி யார் புடிக்கிறது?"

சரியான கேள்வி. ஜாஸில் தம்புரா கிடையாது. அடித்தளம் போடுவது டபுள் பாஸ். வயலின் குடும்பத்து வாத்தியம், ஆள் உயரம் இருக்கும். பெரும்பாலும் வில் இல்லாமல் விரலால் மீட்டுவார்கள். நடை தவறாமல் 'தும் தும் தும் தும்' என்று அது போய்க்கொண்டே இருக்கும். பாடகி எங்கே பறந்தாலும் தரை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருப்பது அதுதான். ஆனால், போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஒலிகள் சரியாகவே வராது. அத்தை கேட்டது அடித்தளமே இல்லாத பாட்டை. சாதாரண இயர்போனை மாட்டிவிட்டேன். "ஓ, இது கீழ ஓடிக்கிட்டே இருக்கே" என்றார். அதற்குப் பிறகு ஐந்து பாட்டு கேட்டார். எதையும் பாராட்டவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

அதனால் ஆல்பம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கும் முன், எதில் கேட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த ஹெட்போன் எதுவும் தேவையில்லை. போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம்.

இன்னொரு தந்திரம், ஒரே பாட்டை இரண்டு மூன்று பேர் குரலில் கேட்பது. ஒரே தோடி கீர்த்தனையை எம்.எஸ்., பட்டம்மாள், எம்.எல்.வி. பாடினால் மூன்று தோடி கிடைக்குமே, அப்படி. 'கெஸ் ஹூ ஐ சா டுடே' என்ற பாட்டைப் பழைய பாடகி நான்சி வில்சன் பாடியதையும் சமாரா ஜாய் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்தக் குரல் உங்களை நிறுத்தி வைக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாடகியின் ஆல்பத்தை எடுங்கள். நட்சத்திர மதிப்பெண், 'டாப் 10' பட்டியல் எல்லாவற்றையும்விட இது நம்பகமானது.

காஞ்சிப் பட்டு கட்டிய குரல்

'இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்' என்பவர்களுக்கு உஷா உதூப்பை நினைவுபடுத்த வேண்டும். மும்பையில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1969-ல் சென்னை மவுன்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில் பாடத் தொடங்கினார். 'ஃபீவர்' மாதிரியான ஆங்கிலப் பாட்டுகளை, கட்டைக் குரலில், புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு! கிளப் பாடகி என்றால் எப்படி இருப்பார் என்று அந்தக் காலம் வைத்திருந்த கற்பனையை அந்தப் புடவையே புரட்டிப் போட்டது. இன்றுவரை மேடையில் காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டும்தான். இவரை ஜாஸ் பாடகி என்று மட்டும் சுருக்க முடியாது. ஆனால், நம் ஊரில் அந்தக் கதவைத் தள்ளித் திறந்த கைகளில் இவருடையதும் ஒன்று.

லண்டனில் பிறந்த தமிழ்ப் பெண் சுசீலா ராமனின் 'சால்ட் ரெயின்' (2001) பிரிட்டனின் மெர்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. கர்னாடகக் கீர்த்தனைகளை கிதாரோடும் மேற்கத்தியத் தாளங்களோடும் பாடியிருப்பார். அதில் ஒரு பாட்டின் தலைப்பு 'காமாட்சி'. சம்பிரதாயமான காதுக்கு முதலில் உறுத்தும். எனக்கும் உறுத்தியது. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் பாட்டின் பிடி கிடைத்தது.

இவர்களையெல்லாம்விட ஜாஸுக்கு நெருக்கமாகத் தமிழைக் கொண்டுபோனவர் கானவ்யா துரைசுவாமி. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஜலதரங்கக் கலைஞர் சீதா துரைசுவாமியின் பேத்தி. பெர்க்லி இசைக் கல்லூரியின் ஸ்பெயின் வளாகத்திலும், பிறகு ஹார்வர்டிலும் படித்தவர். 2018-ல் வந்த 'ஐக்கியம்: ஒண்ணு' ஆல்பத்தில், பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழிலும் பாடினார். டப்பிங் பட வசனம்போல இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன். அப்படி இல்லை. ஜாஸ் மெட்டுக்குள் தமிழ்ச் சொற்கள் வந்து உட்காரும்போது, ழகரத்துக்கும் மெல்லினத்துக்கும் அந்த இசையில் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தது போல இருக்கிறது.

2024-ல் வந்த இவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' வேறு தளம். 30-க்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒன்றாக அழைத்துப் பதிவு செய்தது. எஸ்பெரன்ஸா ஸ்பால்டிங் இருக்கிறார், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர் இருக்கிறார். ஜாஸின் பெரும் படைப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படும் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இங்கே கூட்டுப் பிரார்த்தனைபோல ஒலிக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒரு கோயிலின் மகள்'. ஆல்பத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆனாலும் இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தத் தலைப்பைப் படித்தால் தனகோடி அம்மாள் நினைவுக்கு வராமல் போகாது. 3 நிமிடத் தட்டில் அடங்க வேண்டியிருந்த குரல்களுக்கும், தன் ஆல்பத்துக்கு யார் வர வேண்டும், எவ்வளவு நேரம் பாட வேண்டும் என்று தானே முடிவெடுக்கும் இந்தக் குரலுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது மெதுவான ஆல்பம். என் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "தாளம் எப்போ வரும்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார். விறுவிறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு பெங்களூரு வாரிஜஸ்ரீ வேணுகோபாலின் 'வாரி' (2024) பொருத்தம். கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற பேய் வேகப் பாட்டை ஸ்வரங்களாகப் பாடி இணையத்தில் வைரலானவர் இவர். அவருக்கு முன்பே அதே ஊரில் ஆர்.ஏ.ரமாமணி இருந்தார். நாகஸ்வரம் கற்றுக்கொண்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் 1983-ல் ஜெர்மனியில் பதிவு செய்த 'ஜோதி' ஆல்பம், கர்னாடக சங்கீத ரசிகர்கள் ஜாஸுக்குள் நுழைய ஒரு நேரான வழி. அத்தைக்கு அடுத்து அதைத்தான் போடப் போகிறேன்.

மும்பையில் பிறந்த ஆஷா புத்லி, ஓர்னெட் கோல்மனின் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' ஆல்பத்தில் 1971-ல் இரண்டு பாட்டுகள் பாடினார். ஜாஸ் வரலாற்றில் இடம்பிடித்த பதிவு. ஆனால், அது முதல் ஆல்பம் கிடையாது. ஐந்தாவது, ஆறாவதாகக் கேட்க வேண்டியது. முதலிலேயே போட்டால் வீட்டில் இருப்பவர்கள் போனைப் பிடுங்கிவிடுவார்கள்.

வார்த்தை புரியலையே?

ஆங்கிலப் பாட்டு, வரி புரியவில்லை என்று தயங்குபவர்கள் நிறைய. நாம் காலம் காலமாகத் தெலுங்குக் கீர்த்தனைகளுக்குத் தலையாட்டுகிறோம். எல்லோருக்கும் தெலுங்கு தெரியுமா என்ன? முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை ஆப்பில் வரும் வரிகளைப் படித்துக்கொண்டே கேளுங்கள். சிசிலின் பாட்டுகளுக்கு மட்டும் வரிகளைத் தவறவிடாதீர்கள், அங்கே குறும்பு முழுக்க வார்த்தையில்தான் இருக்கிறது.

ஆல்பத்தை ஷஃபிளில் போடாதீர்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று யோசித்து அடுக்கியிருப்பார்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் கச்சேரியைக் கலைத்துப் போட்டுக் கேட்போமா? வழக்கமாக ஒரு ஆல்பம் 40 முதல் 60 நிமிடம். டேட்டா கவலை இருந்தால் வைஃபையில் டவுன்லோடு செய்துகொள்ளலாம். முக்கால் மணி நேர ஆல்பத்துக்கு, தரத்தைப் பொறுத்து, சுமார் 50 முதல் 100 எம்.பி. ஆகும்.

மிகவும் பிடித்துப்போன ஒன்றிரண்டு ஆல்பங்களைக் காசு கொடுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆப்பில் ஒரு பாட்டைக் கேட்டால் பாடகிக்குப் போய்ச் சேர்வது மிகச் சொற்பம். பேண்ட்கேம்ப் மாதிரியான தளங்களில் டிஜிட்டலாக வாங்கினால் பெரும்பகுதி கலைஞர்கள் பக்கமே போகிறது. நெய்தவருக்குக் கூலி சேருகிறதா என்று கேட்டுப் புடவை வாங்குபவர்கள் இந்த ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.